சூட்டில் பார்க்க வேண்டிய கம்பி

வீட்டு முற்றத்தில் ஒரு வாகனம் நின்றால், அதை ஓட்டுவது ஆண்களின் வேலை. அதைப் பற்றிக் கவலைப்படுவது வீட்டுக்காரியின் உத்தியோகம். சம்பளமில்லாத அந்த உத்தியோகத்தை எண்பதுகளில் நான் கல்முனையில் பார்த்தேன். எங்கள் முற்றத்தில் நின்றது கிளச்சே இல்லாத ஓட்டோ கியர் ஜீப். அப்படி ஒன்றை வைத்திருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள், சும்மா வாசியுங்கள்.

அது வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் பரீதாவின் முதல் பிரசவத்துக்கு வாடகைக் கார் பிடித்து மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் கார் நின்றுவிட்டது. வேறு வாகனம் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மௌத்தாகி, உயிரில்லாமல்தான் பிறந்தது. சவூதியில் வேலை செய்த மருமகன் அடுத்த விடுமுறையில் வந்து, கொழும்பில் இந்த ஜப்பான் ஜீப்பை வாங்கிக் கொண்டுவந்து விட்டார். அவர் திரும்பிப் போகும்போது பரீதா மறுபடியும் மாதமாக இருந்தாள். சாவியை என் கையில் தந்து மருமகன் சொன்னது: "மாமி, இது வழியில நிக்காது."

ஆர் என்றால் ரைட்

ஜீப் ஓட்ட சலீமைப் பிடித்தோம். லொறி ஓட்டிப் பழகிய ஆள். இந்த ஜீப்பின் கியர்த் தடிக்குப் பக்கத்திலோ பீ, ஆர், என், டீ, எல் என்று எழுத்துகள். யாரிடமும் கேட்பது மரியாதைக் குறைவென்று நினைத்து அவனே எழுத்துக் கூட்டிப் பொருளும் கண்டுவிட்டான். ஆர் என்றால் ரைட், எல் என்றால் லெஃப்ட்.

படலையில் நிறுத்தி, றோட்டில் ஏறி வலப்பக்கம் திரும்பவேண்டும் என்று ஆரில் போட்டு அழுத்தினான். ஜீப் பின்னால் பாய்ந்து என் கோழிக்கூட்டுக்குள் போய் நின்றது. கோழிகள் தப்பின, கூடு தப்பவில்லை. பீ நிறுத்தி வைக்க, ஆர் பின்னால் போக, என் சும்மா நிற்க, டீ முன்னால் போக, எல் பாரம் இழுக்க என்று பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சலீம் சொன்னான்: "நான் சரியாத்தான் போட்டன் ராத்தா, ஜீப்புக்குத்தான் இங்கிலீசு தெரியல்ல."

பிளேன்டீ நிறம்

என் மனுஷனுக்கு நாவிதன்வெளியில் வயல். அறுவடை நேரம் உழவு மெஷின் பழுதாகிவிட்டது என்று, அதன் இழுவைப் பெட்டியை ஜீப்பின் பின்னால் கட்டி, சேற்றுப் பாதையில் நெல் மூட்டை இழுத்திருக்கிறார். எனக்கு யாரும் சொல்லவில்லை, மூக்குத்தான் சொன்னது. அடுப்பில் மறந்துவிட்ட எண்ணெய்ச் சட்டியின் மணம், முற்றத்திலிருந்து வந்தது.

போய்ப் பொனட்டைத் திறந்தேன். இந்த வகை ஜீப்பில் எண்ணெய் பார்க்கும் கம்பி இரண்டு. ஒன்று எஞ்சினுக்கு, மற்றது கியர்ப் பெட்டிக்கு. கியர்ப் பெட்டியின் எண்ணெய் சர்பத்தைப் போலச் சிவப்பாக இருக்கவேண்டும். வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தால், பால் விடாத, சாயம் கூடின பிளேன்டீ. ஜீப்போடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை நான் முன்பே வாசித்திருந்தேன்; கன்னியாஸ்திரிகளிடம் அடி வாங்கிப் படித்த ஆங்கிலம் வேறு எதற்கு? பாரம் இழுக்கும் வாகனத்துக்கு வழக்கமான ஓட்டத்தில் பாதியிலேயே இந்த எண்ணெயை மாற்றவேண்டும். நிறம் கறுத்து, கருகல் மணமும் வந்தால் ஒரு கணக்கும் பார்க்காமல் உடனே மாற்றவேண்டும். இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். அவர் மாம்பழம் சாப்பிட்டபடி கேட்டுவிட்டுச் சொன்னார்: "உழவு மெஷினுக்கு வாங்கின நாள் தொட்டு நான் எண்ணெய் மாத்தல்ல, அது ஒரு நாளும் என்னோட எதிர்த்துக் கதைச்சதில்ல."

சாவடியில்

பரீதாவை மாதச் சோதனைக்குக் கொண்டுபோன அன்று, வழியில் இருந்த சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பின்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். சலீம் இந்தமுறை சரியாகத்தான் ஆரில் போட்டான். ஜீப் அசையவில்லை. அவன் இன்னும் அழுத்த, எஞ்சின் மட்டும் கத்தியது. முன்னால் பாயப்போகிறோம் என்று நினைத்தார்களோ என்னவோ, துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. பரீதா இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஓதத் தெரிந்த துஆ எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோயிற்று.

பிறகு ஜீப் தடாலென்று உதறிப் பின்னால் போனது. கியரில் போட்டதும் பிடிக்காமல் தாமதித்தால், எஞ்சின் இரைந்தும் வேகம் கூடாவிட்டால், எண்ணெய் குறைந்தது அல்லது கெட்டது என்று பொருள். அதை ஆமிக்காரனுக்கு யார் விளக்குவது? அவன் ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பரீதாவின் வயிற்றைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்: "அம்மே, நான் பின்னால போ சொன்னது, இவன் ஏன் யோசிக்கிறது?"

நிறைய இருக்கு

ஊரில் லொறி திருத்தும் வேலைக்குப் பேர்போன முஸ்தபா பாஸைக் கூப்பிட்டேன். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, கம்பியை இழுத்துப் பார்த்து, எண்ணெய் நிறைய இருக்கிறது என்றார். நிறைய இருந்தால் ஏன் யோசிக்கிறது? கம்பியை வாங்கித் துடைத்தேன். நுனியில் நுள்ளான் எறும்பு மாதிரிப் பொடி எழுத்து: ஹொட். பாஸ் அதைக் கம்பனிப் பேர் என்றார். என் மனுஷனும் ஓம் என்றார்.

சூடு என்று எழுதியிருப்பதைச் சூட்டில்தான் பார்க்கவேண்டும். கொஞ்சத்தூரம் ஓட்டி, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி எல்லா எழுத்துக்கும் ஒரு முறை போட்டு, பீக்கு வந்து, எஞ்சின் ஓட ஓடக் கம்பியை இழுக்கவேண்டும். எஞ்சினை நிறுத்தினால் மேலே நின்ற எண்ணெய் அடியிலுள்ள தட்டுக்கு இறங்கி, இல்லாததை இருப்பதாகக் காட்டும். அப்படியே செய்யவைத்தேன். கம்பியின் நுனி மட்டும் நனைந்திருந்தது. பாஸ் அதை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "லொறிக் கம்பி பொய் சொல்லாது ராத்தா, இது கலியாணப் புரோக்கர் மாதிரிக் கதைக்குது."

தட்டைக் கழற்றிய நாள்

சிவப்பு எண்ணெய் மட்டக்களப்பிலிருந்து வந்து சேரும்வரை எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உழவு மெஷின் எண்ணெய் வீட்டில் கிடக்கிறதே என்று என் மனுஷன் இடையில் ஒருமுறை சொன்னார், மறுமுறை சொல்லவில்லை. பாஸ் துடைப்பதற்கு மருதமுனைத் தறி நூல் கழிவை அள்ளி வந்தார். ஒரு நூல் உள்ளே போனாலும் எண்ணெய் ஓடும் துவாரம் அடைத்துவிடும். நூல் பிரியாத என் நைலெக்ஸ் சாரியைக் கிழித்துக் கொடுத்தேன்.

தட்டைக் கழற்றினால் எண்ணெய் முழுவதும் வராது, பாதிக்கு மேல் உள்ளேயே நிற்கும். வந்ததை அளந்து வைத்தோம், அந்த அளவு புதிதாக ஊற்ற. தட்டிலிருந்த காந்தத்தில் மாவு போல இரும்புத்தூள். துண்டு துண்டாக இருந்தால் பெட்டியே முடிந்தது என்று அர்த்தம். அல்ஹம்துலில்லாஹ், மாவுதான். எண்ணெய் வடிகட்டும் வடியைக் கழுவிக் காயவைத்துப் பூட்டி, தட்டை மேலே தூக்கிப் பிடித்த நேரம், பரீதா குசினிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டது.

அன்று பார்த்து ஊரில் கடையடைப்பு. வாடகைக் கார் தேடிப்போன சலீம் வெறுங்கையோடு வந்தான். ஜீப்பின் அடியில் பாஸ், எதிரெதிர் போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டிருந்தார். ஒரேயடியாக இறுக்கினால் தட்டு கோணி எண்ணெய் ஒழுகும் என்று அவருக்குச் சொன்னதே நான்தான். இப்போது கெதியாக இறுக்குங்கள் என்று கத்தியதும் நான்தான். அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "நீங்க யாசீன் ஓதுங்க ராத்தா, நான் போல்ட் இறுக்கிறன்."

ஹொட்

கம்பியில் ஹொட்டுக்குக் கீழே ஆறிய நிலைக்கென்று இருந்த கோடு வரை ஊற்றிவிட்டுப் புறப்பட்டோம். மிச்ச எண்ணெய் டின் என் காலடியில். சூட்டில் ஒருமுறை பார்க்காமல் அந்த அளவை நம்ப முடியாது. பாதி வழியில், மேடுபள்ளமில்லாத இடம் பார்த்து நிறுத்தச் சொன்னேன். சலீம் திரும்பிப் பார்த்தான். முன் சீட்டிலிருந்த என் மனுஷன் வெளியே எட்டிப் பார்த்தார். முதல் பிரசவத்தன்று அந்த வாடகைக் கார் நின்றுபோனது இதற்குச் சற்று அப்பால்தான். அது அவருக்கும் தெரியும். அந்த இடத்தில் நானாக ஒரு வாகனத்தை நிறுத்துவேன் என்று அவர் நினைத்திருக்கமாட்டார், நானும் நினைத்ததில்லை.

எஞ்சின் ஓட ஓட இறங்கினேன். கம்பியை இழுத்து, துடைத்து, விட்டு, மறுபடி இழுத்தேன். ஹொட் கோட்டுக்குக் கீழே. புனல் வைத்து ஊற்றினேன். விரல் சுட்டது. மறுபடி பார்த்தேன், இன்னும் கொஞ்சம். மறுபடி ஊற்றினேன். கோட்டில் நின்றது. உண்மையாகவே கோட்டில்தானா என்று இன்னொரு முறை துடைத்தேன். பின் சீட்டிலிருந்து பரீதா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "உம்மா, அந்தக் கம்பியைப் பார்த்தது காணும், என்னைப் பாருங்க."

ஏறி அவள் தலையை என் மடியில் எடுத்தேன். சலீம் டீயில் போட்டான். ஜீப் யோசிக்கவில்லை, பெரியாஸ்பத்திரி வாசலில்தான் போய் நின்றது, அன்று அஸர் தொழுகைக்கு முன் என் பேத்தி ஆஸ்பத்திரி முழுவதும் கேட்கும்படி அழுதாள்.

ஓட்டோ கியர் எண்ணெயை எப்போது மாற்றுவது என்று இன்றும் யாராவது கேட்டால், எண்ணெய் கறுக்கும் முன், ஜீப் யோசிக்கும் முன், முக்கியமாக வீட்டில் யாருக்கும் மாதம் நிறையும் முன் என்றுதான் சொல்கிறேன்.