சிவப்பு வளையம் மறைந்த குழாய்

எண்பதுகளில், தூத்துக்குடிக் கடலோர ஆலை ஒன்றில் பண்டகசாலை என் பொறுப்பில் இருந்தது. கொதிகலனிலிருந்து நீராவியைக் கொண்டுசெல்லும் குழாய்கள் அங்கே குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகினால் ஆனவை. தொழிலாளர் அதனைக் குரோம் மாலி என்பர். குரோமியம் அனலில் செதில் உரியாமல் காக்கும். மாலிப்டினம் கடுஞ்சூட்டிலும் எஃகு மெல்ல இளகி விரியாதபடி பிடித்து நிறுத்தும். சாதாரண இரும்புக் குழாய்க்கு அந்தத் திராணி இல்லை; நாளடைவில் இளகி வெடித்துவிடும். ஆயினும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆகையால் குரோம் மாலியின் முனைகளில் சிவப்பு வளையம் தீட்டியிருப்பார்கள்.

அவ்வாண்டு ஆயுதபூசைக்கு முன்தினம், உப்புக் காற்றில் துருவேறிய குழாய்களுக்குப் பொட்டு வைப்பது முறையன்று எனக் கருதி, அனைத்தையும் இறக்கித் துடைத்து அலுமினியப் பெயிண்டு அடிக்கச் சொன்னேன். மறுநாள் பண்டகசாலை பாத்திரக்கடைபோல் மின்னியது. மேலாளரும் பாராட்டினார். வளையங்கள் மறைந்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எந்தத் தட்டில் எது என்பது என் மனத்தில் இருந்தது.

பூசை முடிந்ததும் ஒரு குரோம் மாலிக் குழாய் கேட்டார்கள். அதற்குரிய தட்டு என்று என் நினைவில் இருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதைக் கொதிகலன் இயக்குநரின் இருக்கைக்கு நேர்மேலே நீராவிப் பாதையில் பொருத்தினார்கள்.

பதினைந்து நாள் சென்று, மணப்பாட்டுக்கார வெல்டர் ஒருவர் அதே தட்டிலிருந்து இன்னொரு குழாயை எடுத்துக் கிரைண்டரில் முனை தீட்டினார். சட்டென்று நிறுத்தினார்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. பொறியப் பாத்தியளா? பூவாணம் மாதிரி வெடிக்கு."

"கல்லு புதுசு வே, அதான்."

"கல்லு புதுசுதான். குரோம் மாலின்னா பொறி செவப்பா ஓடி, நுனியில ஈட்டி மாதிரி பிரியும். இது வெறும் இரும்பு."

பெயிண்டு அடித்தவர்கள் குழாய்களைத் தட்டு மாற்றி அடுக்கியிருக்கிறார்கள், நான் கவனிக்கவில்லை. அந்தத் தட்டில் இருந்தவை எல்லாமே இரும்பு என்றால், மேலே பொருத்தியதும் இரும்புதான். கொதிகலன் அறைக்கு ஓடினேன். இயக்குநர் அக்குழாயின் கீழே அமர்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

"எந்திரியும். நெருப்ப அணையும்."

"மேனேஜர் கையெழுத்து இல்லாம அணைச்சா என் சீட்டு கிழிஞ்சிரும் அண்ணாச்சி."

"என் சீட்டு கிழியட்டும். தப்பு என்னுது. நான் எழுதித் தாரேன்."

என் முகத்தைப் பார்த்தவர் எழுந்து எண்ணெய் வால்வை மூடினார். கடலை மடித்த காகிதத்தின் பின்புறத்தில், அணைக்கச் சொன்னது நானே என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

சூடு தணிய மறுநாள் காலை ஆயிற்று. மேலாளர் முன்னிலையில் வெல்டர் குழாயைச் சுற்றியிருந்த கல்நார் உறையைப் பிரித்தார். இரை விழுங்கிய பாம்பின் வயிறுபோல் குழாய் ஓரிடத்தில் புடைத்திருந்தது. விட்டம் அளக்கும் காலிப்பரை வைத்து அளக்கச் சொன்னார் மேலாளர். வெல்டர் அளந்து சொல்ல, நான் குறித்துக்கொண்டேன்.

இயக்குநர் ஏணியில் ஏறி, அப்புடைப்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். பிறகு கீழே தம் இருக்கையைப் பார்த்தார்.

"இதுக்குக் கீழதான் பதினஞ்சு நாளா சோறு தின்னுருக்கேன்," என்றார்.

அவர் அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. இறங்கி வந்து, இருக்கையைச் சுவரோரம் இழுத்துப் போட்டுவிட்டு, வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார்.