என்னை நீக்கிய அறிவிப்பு

தாராவியில் எங்கள் சந்துக் கால்பந்து அணிக்கு நான்தான் மேனேஜர். தொடர்ந்து ஐந்து ஆட்டங்கள் தோற்றதும், ரசிகர்கள் டீக்கடையில் கூடி, என்னை வைத்துக்கொண்டே என்னை நீக்கலாமா என்று விவாதித்தார்கள்.

"அண்ணாச்சி நல்ல மனுசம்ல," என்றான் ஒருவன்.

"அப்பம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. டீமுக்கு வேண்டாம்," என்றான் இன்னொருவன்.

எல்லோரும் கை தூக்கினார்கள். ஐந்து ஆட்டங்களையும் பார்த்தவன் என்ற முறையில் நானும் தூக்கினேன்.

எங்கள் சங்கப் பலகையில் தமிழில்தான் எழுதுவது வழக்கம். அவர்களோ இந்திப் பள்ளியில் படித்தவர்கள்; தமிழ் பேச மட்டும்தான் வரும்.

"நீங்களே எழுதிருங்க அண்ணாச்சி."

'மேனேஜர் நீக்கப்பட்டார்' என்று அழகாக எழுதினேன். கீழே, 'புதியவர் கிடைக்கும்வரை அவரே தொடர்வார்' என்றும் சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தோடு போனபோது முறைத்தார்கள். பலகையைக் காட்டினேன். படித்தவர்கள்போல் தலையாட்டினார்கள்.

ஆறாவது ஆட்டத்தையும் தோற்றோம்.