அத்தான் பதியாத துவக்கு

அக்காவின் கணவர் கனடாவின் கியூபெக்கில், லொங்குய் என்ற ஊரில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே கூட வேலை செய்யும் கியூபெக்காரர் ஒருவரோடு பழகியதில், நாற்பத்தைந்து வயதில் அவருக்கு மான் வேட்டைப் பைத்தியம் பிடித்தது. வகுப்புக்குப் போய் அனுமதிப்பத்திரம் எடுத்தார். அந்த நண்பரிடமே பழைய வேட்டைத் துவக்கு ஒன்றை வாங்கினார்.

அத்தானின் பிரெஞ்சுப் படிவங்களை நிரப்புவது நான்தான். துவக்கை அத்தானுடைய பெயருக்கு மாற்றி அரசாங்கப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்றேன்.

"அது அவன்ர பேரிலயே கிடக்கட்டும், மச்சாள்."

"ஏன் அத்தான், களவெடுத்த சாமானே? காரைப் பதியுறம்தானே?"

"காரைப் பறிக்க ஒருத்தரும் வரேல்லை."

அவர் சும்மா சொல்லவில்லை. மன்னாரில் அவருடைய தகப்பன், பன்றிகளிடமிருந்து வயலைக் காக்க லைசென்ஸ் எடுத்துத் துவக்கு வைத்திருந்தவர். போர்க்காலத்தில் ஒரு காலை ஆயுதத்தோடு வந்த சிலர், கையிலிருந்த லைசென்ஸ் பட்டியலைப் பார்த்து அவர் பெயரை வாசித்து, துவக்கை வாங்கிக்கொண்டு போனார்கள். அரசாங்கப் பட்டியல் அவர்களிடம் எப்படிப் போனது என்று முறையிட ஓர் இடமும் இருக்கவில்லை.

நண்பரும் அத்தானின் கட்சிதான். என் அலுமாரிக்குள் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்பார். ஆனால் தண்டத்துக்குப் பயந்து தன்னுடைய ஆறு துவக்குகளையும் பதிந்திருந்தார்.

அந்த இலையுதிர்காலத்தில் நண்பரின் மனைவி இறந்துபோனார். அவர் வேலைக்கு வருவதை நிறுத்தினார். ஒரு சனிக்கிழமை தொலைபேசியில் அவர் பேசிய விதத்தில் பயந்துபோன மகள் பொலிசை அழைத்தாள். பதிவேட்டில் ஆறு துவக்குகள். வீட்டில் இருந்தவை ஐந்து; அவற்றைப் பொலிஸ் எடுத்துக்கொண்டு போனது.

மறுநாள் காலை அக்கா வீட்டுக் கதவைத் தட்டியது, நண்பரிடம் கேட்டறிந்து அந்த ஆறாவதைத் தேடி வந்த இரண்டு பொலிஸ்காரர்கள். நானும் அங்கே இருந்தேன். அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியே, எடுக்க வந்திட்டாங்கள்."

அவர்கள் துவக்கின் இலக்கத்தையும் பூட்டையும் அனுமதிப்பத்திரத்தையும் பார்த்தார்கள். நண்பர் ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கிறார் என்றார்கள். இன்றே பெயரை மாற்று, அடுத்த முறை தண்டம் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். துவக்கை வைத்துவிட்டுப் போனார்கள்.

அத்தான் படியில் உட்கார்ந்தார். "அவன் வெள்ளிக்கிழமை எனக்குப் போன் எடுத்தவன். பேந்து கதைப்பம் எண்டு விட்டிட்டன்."

அன்று மத்தியானமே படிவத்தை நிரப்பினோம். அதற்குள் அவர் நண்பரைப் பார்க்க இரண்டு முறை கிளம்பி, பார்வையாளர் நேரம் ஆகவில்லை என்று திரும்பி வந்தார்.

நண்பர் தேறினார். அடுத்த கோடையில் வைத்தியரின் கடிதத்தோடு நீதிமன்றத்துக்குப் போய், ஐந்தையும் திரும்ப எடுத்தார். கனடாவில் துவக்கு வைத்திருப்பது அரசியலமைப்பு தந்த உரிமை இல்லை. அப்படியிருந்தும் அவரால் அது முடிந்தது. உரிமையும் பதிவும் ஒன்றுக்கொன்று எதிரி என்பதை நான் அன்றோடு நம்புவதில்லை. பறித்தவனிடம் காரணம் கேட்க ஓர் இடம் இருக்கும்வரை இரண்டும் ஒன்றாக இருக்கலாம். அத்தானிடம் இதைச் சொன்னேன்.

"இப்ப இருக்கு," என்றார். அதற்குமேல் இறங்கி வரவில்லை.

அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு நண்பரும் மகளும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். பதிவேட்டைப் பற்றி நண்பர் வாயே திறக்கவில்லை. மகள் சமையலுக்கு உதவக் குசினிக்குப் போனதும் அத்தானிடம், அன்று அவள் பொலிசைக் கூப்பிட்டது சரி என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.