வெள்ளத்தின் மேலே மூன்று வினாடி

பெங்களூரில் நடக்கவிருந்த விண்வெளி வீரர் தேர்வின் மருத்துவப் பரிசோதனைக்கு ஒன்பது நாள் இருந்தபோதுதான் தாமிரபரணி கரையை உடைத்தது. எங்கள் ஹெலிகாப்டர் பிரிவில் கேப்டன் இருக்கையில் உட்கார்ந்த முதல் பெண் நான். சொந்த ஊர் தச்சநல்லூர் என்பதால் என்னையே அனுப்பினார்கள். மேலிருந்து பார்த்தால் எனக்குத் தெரிந்த ஊர் எதுவும் அங்கே இல்லை. வயல், ரோடு, வாழைத்தோட்டம் எல்லாம் ஒரே செம்மண் தண்ணீர்.

புன்னக்காயலுக்கு மேற்கே ஒரு மொட்டைமாடியில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியும் அவள் மாமியாரும் நின்றார்கள். முதலில் கர்ப்பிணியைக் கூடையில் ஏற்றி வின்ச் கம்பியில் மேலே தூக்கினோம். ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் நிறுத்திவைப்பது என் வேலை. அதற்கு அசையாத ஒரு பொருளின் மேல் கண் இருக்க வேண்டும். நான் ஒரு பனைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடை பாதி தூரம் வந்தபோது கண் கீழே ஓடும் தண்ணீருக்குப் போய்விட்டது.

தலை சுற்றியது; ஹெலிகாப்டர் பின்னால் வழுக்குவதாக உடம்பு சொன்னது. எதிரிலிருந்த மீட்டர்கள், அப்படி இல்லை என்றன. நான் உடம்பை நம்பி ஸ்டிக்கை முன்னால் தள்ளிவிட்டேன். கூடை ஊஞ்சல் மாதிரி வீசி ஆடியது. பின்னாலிருந்து வின்ச் இயக்குபவர், "மேடம், கூடை! கூடை!" என்று அலறினார்.

"செந்தில், கண்ட்ரோல் எடுத்துக்கோ."

"ஐ ஹேவ் கண்ட்ரோல்," என்றான் கோ-பைலட் செந்தில். அம்பாசமுத்திரத்துக்காரன். அவன் கையில் ஹெலிகாப்டர் நின்றது. இருவரையும் ஏற்றினோம்.

பாளையங்கோட்டை மைதானத்தில் இறங்கியதும் அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள்.

"காத்து என்னா ஆட்டு ஆட்டிட்டு! உங்க மொகமே சரியில்லையேக்கா. எனக்காகவா பயந்திய?"

அவளைக் கைத்தாங்கலாக ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டேன்.

செந்தில் தனியாக வந்தான். "காத்துன்னே இருக்கட்டும் மேடம். மூணு செகண்டுதான. இதப் போய் எழுதினா பெங்களூர்ல உங்கள எடுக்க மாட்டாவ. நான் யார்ட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"நாளைக்கும் இங்கனதான செந்திலு பறக்கணும்?" என்றேன்.

பறந்து இறங்கியதும் எழுதவேண்டிய ரிப்போர்ட் தாளை எடுத்தேன். பள்ளிக்கூட நாளிலிருந்து படிப்பு, ஓட்டம், சாப்பாடு எல்லாம் இந்தத் தேர்வுக்காகத்தான். பெண் ஓட்டினால் இப்படித்தான் என்று சொல்லக் காத்திருந்தவர்களும் உண்டு. அது வேறு அரித்தது. 'காற்று' என்று எழுதி, அடித்தேன். பிறகு நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

பெங்களூரில் தலை சுற்றுகிறதா என்று சுழல் நாற்காலியில் உட்காரவைத்தும் வேறு விதங்களிலும் இரண்டு நாள் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் தேறினேன். கடைசியாக டாக்டர் என் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "இதை நீங்க எழுதலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது," என்றார்.

பட்டியலில் என் பெயர் இல்லை. இதனால்தானா என்று யாரும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. அம்மாவிடம் போனில் சொல்ல நான்கு நாள் ஆனது.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில், வெள்ளத்தின் மேல் நிற்கும்போது இரண்டு பைலட்டும் மாறி மாறி ஓட்டுவது வழக்கமானது. புதியவர்களுக்கு இப்போது நான்தான் வகுப்பு எடுக்கிறேன். தலை சுற்றினால் அந்த நொடியே வாய்விட்டுச் சொல்லுங்கள், இறங்கியதும் எழுதுங்கள் என்கிறேன். எழுதியதால் வந்த நஷ்டம் எனக்கு மட்டும். எழுதாமல் மறுநாளும் அந்தத் தண்ணீர்மேல் போய் நின்றிருந்தால், நஷ்டம் கூடையில் வருகிறவளுக்கு.