செருப்பைக் கழற்றச் சொன்ன ஜோசலின்

சேலையூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஜோசலின், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வேதியியல் நடத்துகிறவர். போன ஜூனில் புது லேப்டாப் வாங்கினார். உடம்பு முழுக்க உலோகம், பார்க்க அழகு. ஆனால் சார்ஜில் போட்டுவிட்டு அதன் மேல் மணிக்கட்டை வைத்தால் சுர்ரென்று ஷாக் அடித்தது. பாடத்தின் நடுவே "ஸ்ஸ்" என்று கையை உதறுவார். "மிஸ், ஆசிட் கொட்டிடுச்சா?" என்று திரைக்குள்ளிருந்து யாராவது கேட்பார்கள்.

தாம்பரத்திலிருந்த சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் வைத்திருந்து, "எங்க டேபிள்ல ஒண்ணும் அடிக்கல மேடம்" என்றார்கள். மறுபடி போனபோது அதையே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

கணவர் ஆஸ்டின் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. "உனக்குத்தான் நரம்புல ஏதோ வீக்னெஸ். டாக்டர்கிட்ட காட்டலாமா?"

லேப்டாப்பை அவர் தலையிலேயே போடலாம் போலிருந்தது ஜோசலினுக்கு.

குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்போடு நடப்பவர் ஆஸ்டின். மறுநாள் குளித்துவிட்டு வெறுங்காலோடு வந்து லேப்டாப்பை நகர்த்தியவர், "ஏசப்பா!" என்று அலறினார். ஜோசலின் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

அன்றே எலெக்ட்ரீஷியன் குமரேசனை வரவழைத்தார். அவர் ஒரு பல்பை வைத்து பிளக் பாயிண்டைச் சோதித்தார். எர்த் ஓட்டையில் ஒயரை வைத்தபோது பல்பு எரியவில்லை. "ஓட்ட மூணு கீதுக்கா, ஆனா வூட்டுக்கே எர்த் இல்ல. லேப்டாப் சும்மா கிள்ளுது. நாளைக்கு ஃப்ரிட்ஜ்ல கசிஞ்சா ஆளையே தூக்கிடும்."

கீழே குடியிருக்கும் ஹவுஸ் ஓனர் அப்பாதுரையிடம் பத்து நாள் நச்சரிக்க வேண்டியிருந்தது. தன் வீடுதானே என்று செருப்போடே மாடியேறி வந்தார். லேப்டாப்பில் உள்ளங்கையைப் பதித்துக் காட்டினார். "எங்கம்மா அடிக்குது? இருபது வருஷத்துல ஒருத்தரும் சொன்னதில்ல."

"செருப்பக் கழட்டிட்டு வைங்க சார்."

கழற்றினார். வைத்தார். கையை இழுத்த வேகத்தில் முழங்கை சுவரில் இடித்தது. அதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"கார் நிறுத்தற எடத்துல டைல்ஸ் போட்டப்போ, ஏதோ ஒயர் குறுக்க வருதுன்னு மேஸ்திரி சொன்னான். வெட்டிடச் சொன்னேன்."

மறுவாரம் அந்த டைல்ஸை உடைத்துப் புது எர்த் பள்ளம் எடுத்தார்கள். குமரேசன் மறுபடி பல்பை வைத்ததும் பளிச்சென்று எரிந்தது. ஜோசலின் வெறுங்காலோடு நின்று லேப்டாப்பின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார். ஒன்றுமில்லை.

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார் அப்பாதுரை.

வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, வகுப்புக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னார் ஜோசலின்.