காத்து பத்தல

இருந்தவர்கள்: என் மகள். அவள் வீட்டுக்காரர். எதிர்வீட்டு அம்மா, வேடிக்கை பார்க்க வந்தவர். மீன் தொட்டி விற்ற கடைக்காரர். கடைசியாக நான், நாற்காலியில்.

தொட்டி வந்து நான்கு நாள்தான். மூன்று மீன் மல்லாந்துவிட்டன. மகள் போன் போட்டுக் கடைக்காரரை வரவழைத்திருந்தாள். அவர் செருப்பைக்கூட முழுதாகக் கழற்றவில்லை. வாசலில் இருந்தே சொல்லிவிட்டார்.

"காத்து பத்தல மேடம். பெரிய மோட்டாரா போட்டுக்குங்க."

எனக்கு உடம்பு எரிந்தது. "தண்ணி எங்க புடிச்சாங்கன்னு கேட்டியாப்பா?" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. எதிர்வீட்டு அம்மா எழுந்து போய்விட்டார்.

"போர் தண்ணிதான் நைனா. நீ சும்மா இரு" என்றாள் மகள்.

சும்மா இருந்தேன். எனக்கு அது நல்ல பழக்கம்.

அந்த ஆள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அந்த வார்த்தை மேல்தான் கோபம். அதற்கு நாற்பது வயது ஆகிறது. உங்களுக்குச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். இதே ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் டிரம் ஓட்டினேன். டிரம் என்றால் கொட்டுகிற டிரம் இல்லை. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மரப் பீப்பாய். உள்ளே தோல், தண்ணீர், மருந்து. சுற்றி முடித்ததும் அடைப்புக் கட்டையைப் பிடுங்கினால் நீலத் தண்ணீர் கொட்டும். வாய்க்காலில் ஓடும். வாய்க்கால் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் போனது.

நாற்றத்தைப் பற்றிக் கேட்பீர்கள். பஸ்ஸில் எங்கள் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். நீட்டி நிமிர்ந்து உட்கார்ந்து வருவோம். அது ஒன்றுதான் சலுகை.

கழிவுக் குழியில் இறங்கிச் சேறு அள்ளுகிறவன் சில நாள் மயங்கி விழுவான். மேலே தூக்கிப் போட்டுச் சாக்கால் விசிறுவோம். மேனேஜர் எட்டிப் பார்த்துச் சொல்வார்: "காத்து பத்தல." அவ்வளவுதான். குழியில் என்ன இருந்தது என்ற பேச்சே வராது. நாங்களும் அதையே கற்றுக்கொண்டோம். யாருக்குத் தலை சுற்றினாலும், விளக்கு அணைந்தாலும், காத்து பத்தல.

எனக்குக் கல்யாணம் ஆன வருஷம், கூட வேலை செய்த பாஷா மெட்ராஸ் போய்விட்டு வந்தான். கையில் பிளாஸ்டிக் பை. அதில் ஆறு தங்க மீன்.

"தோஸ்த், கல்யாணத்துக்கு நான் ஒண்ணும் செய்யல. இந்தா, புடி."

"இத இன்னாடா பண்றது? கொழம்பு வெச்சா ஒரு வாய்க்கு வராது."

"அட பேஜாரு புடிச்சவனே, பாக்கறதுக்குடா!"

ஆங்கிள் இரும்பு, பழைய ஷோகேஸ் கண்ணாடி, அதை ஒட்டுகிற பட்டி. தொட்டி ஆயிற்று. ஒரு மூலையில் ஒழுகிக்கொண்டே இருக்கும். அடியில் கிண்ணம் வைத்திருந்தோம். தண்ணீர் தெருக் கிணற்றில் இறைத்தது. குடிக்க, சமைக்க எல்லாம் அதுதான். லேசாக உப்புக் கரிக்கும். பழகிவிட்டது.

ஐந்தாம் நாள் ஆறும் போயிற்று. சாகும் முன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தெருவே வந்து பார்த்துச் சொன்னது, காத்து பத்தல. நானும் நம்பினேன். நான் செய்த தப்பு அது. காற்றைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று வேறு எண்ணம்.

ஓடாத லாரி டியூப் ஒன்று வாங்கினேன். பஞ்சர் கடையில் காற்று நிரப்பித் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். அதன் வாயில் ஆஸ்பத்திரி குளுக்கோஸ் டியூப். முனையில் உடைந்த சாணைக்கல் துண்டு. குளுக்கோஸ் டியூபில் இருக்கிற சின்னச் சக்கரத்தைத் திருகினால் காற்று கொஞ்சம் கொஞ்சமாக வரும். சாணைக்கல் வழியாகப் பொடிப் பொடியாகக் குமிழி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பஞ்சர் கடைக்காரன் சும்மா விடவில்லை.

"இன்னாபா, மீனுக்கு லாரி வாங்கிட்டியா? லைசென்சு யார் பேர்ல?"

பாஷா மறுபடி ஆறு மீன் கொண்டுவந்தான். ஆறும் போயிற்று.

அப்போது ஷாப்பில் தோல் ஊறுகிற தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதன் மேல் ஒரு மரச் சக்கரம் சுற்றும். தண்ணீரைப் புரட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் நின்றால் தோல் அழுகும். அன்றுதான் புரிந்தது. மீன் குமிழியைத் தின்பதில்லை. குமிழி அடித்தண்ணீரை மேலே தூக்குகிறது. மேல்தண்ணீர் கீழே போகிறது. புரளுகிற தண்ணீர் காற்றைத் தானே வாங்கிக்கொள்ளும். கல்லைத் தொட்டியின் ஒரு மூலைக்கு மாற்றினேன். தண்ணீர் வட்டமாகச் சுற்றியது. ஒரு துளசி இலை போட்டேன். மேலே ஓடி, எதிர் மூலையில் முங்கி, அடியில் வந்து, மறுபடி மேலே வந்தது. இஞ்சினியர் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் தடவை ஆறு மீன். நான்கே நாள்.

என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். செத்த மீனை முறத்தில் அள்ளிக்கொண்டே கேட்டாள்.

"காத்து இருக்குது. தண்ணி சுத்துது. அப்பறம் இன்னாயா பத்தல?"

நான் குளுக்கோஸ் சக்கரத்தைத் திருகினேன்.

"என் வயித்துல கீறதும் தண்ணியிலதான் கீது. அதுக்கு எந்த டியூப வெப்ப?"

அப்போதுதான் கிணற்றை நினைத்தேன்.

அவள் அம்மா வீடு கலவை என்ற ஊரில். அங்கே தோல் ஷாப் கிடையாது. போய் ஒரு கேன் தண்ணீர் கொண்டுவந்தேன். கண்டக்டர் சிரித்தான். "தண்ணிக்கு லக்கேஜ் போட்டுனு போறியே, உங்க ஊர்ல ஆறு இல்ல?" ஆறு இருந்தது என்றேன்.

பெட்டிக்கடையில் இரண்டு மிட்டாய் பாட்டில் வாங்கினேன். ஒன்றில் கலவைத் தண்ணீர். ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். ஒரே லாரி டியூப், நடுவில் பிரித்து இரண்டுக்கும் ஒரே காற்று. பாஷா மறுபடி கொண்டுவந்த மீன், பாட்டிலுக்கு இரண்டு. மூன்றாம் நாள் காலை கிணற்றுப் பாட்டிலில் இரண்டும் மிதந்தன. கலவைப் பாட்டிலில் இரண்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

இரண்டு பாட்டிலையும் மேனேஜர் மேஜை மேல் வைத்தேன். கிணறு இப்படி ஆகிவிட்டது சார் என்றேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"காத்து பத்தாம போயிருக்கும்பா."

"ரெண்டுக்கும் ஒரே டியூப் சார்."

"எத்தினாவது படிச்ச?"

"அஞ்சாவது."

"அஞ்சாவது படிச்சிட்டு எனக்குத் தண்ணி பாடம் நடத்தறியா? போ. டிரம்மு நிக்குது பாரு."

அவர் மேஜையில் ஒரு கூஜா. அதில் வேலூரிலிருந்து ஜீப்பில் வருகிற தண்ணீர். எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாட்டில் தண்ணீரை ஒரு வாய் குடிங்க சார் என்று கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. வேலை போய்விடும். கேட்கவில்லை. பாட்டில்களை எடுத்துக்கொண்டு வந்தேன். டிரம் நின்றிருந்தது. கட்டையைப் பிடுங்கினேன். தண்ணீர் வாய்க்காலில் ஓடியது.

இதைத்தான் மகளுக்குச் சொன்னதில்லை.

மறுநாளே மனைவியைக் கலவைக்குக் கொண்டுபோய் விட்டேன். சீமந்தம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றேன். உறவுக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். "பொண்டாட்டிய துரத்திட்டான்" என்று ஒரு பேச்சு. மகள் அங்கே பிறந்தாள். நல்லபடியாக. மூன்று வயது வரை இந்த ஊர்த் தண்ணீரை வாயில் வைக்க அவள் அம்மா விடவில்லை. தெருவில் மற்றவர்கள் குடித்தார்கள். அவர்களுக்குக் கலவையில் அம்மா வீடு இல்லை.

இப்போது மனைவி இல்லை. பாஷா இல்லை. அந்த ஷாப் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். மேனேஜர் ஓய்வு பெற்றபோது மாலை போட்டார்கள். நானும் கைதட்டினேன்.

அன்று மகள் வீட்டிலிருந்து இறங்கிப் பழைய தெரு வழியாக நடந்தேன். எங்கள் கிணற்றின் மேல் சிமெண்ட் சிலாப்பு. அதன் மேல் இஸ்திரி வண்டி. அடுத்த கிணறு செல்போன் கடைக்குள் போய்விட்டது. மசூதிப் பக்கத்துக் கிணற்றில் குப்பை. ஸ்கூல் கிணறு இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. ஒரு கிழவியைக் கேட்டேன். காலால் தரையைத் தட்டிக் காட்டினாள்.

வாய்க்கால் முடிகிற இடம் வரை போனேன். அதன் ஓரத்தில் நாங்கள் எல்லாரும் குடித்த கிணறுகளை எண்ணிக்கொண்டே போனேன்.

பதினேழு.