நூற்றிருபது நிமிடக் கேசட்

1. முதல் வாரம்

"உள்ள ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா? நீ பச்சப் புள்ளயா இருக்கியே. இது கெட்டுப் போச்சுன்னா எம் மவன் கொரலே போன மாரி."

பெரம்பலூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ரேடியோ, டேப் ரிக்கார்டர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு வாடிக்கையாளர் என்னிடம் சொன்னது இது. பெயர் ஜைனம்பு. லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். கூடவே மருமகள் நூர்ஜஹான். அவளுக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கலாம்.

ஆம்பளைகள் உள்ளே இருந்தார்கள். முதலாளி இருந்தார், மெக்கானிக் தங்கராசு அண்ணனும் இருந்தார். ஆனாலும் முதலாளி என்னைக் கவுண்டரில் நிறுத்தியதற்குக் காரணமே இவர்களைப் போன்ற பெண்கள்தான். அந்த ஊரில் பல வீடுகளில் ஆண்கள் அரபு நாடுகளில் வேலை பார்த்தார்கள். கடிதம் எழுதுவதைவிடக் கேசட்டில் பேசி அனுப்புவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. லீவு முடிந்து திரும்பிப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டால் நேரே போய்ச் சேர்ந்துவிடும். சிக்கல் எங்கே என்றால், கேசட் பழுதாகிக் கடைக்குக் கொண்டுவந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டும். மனைவி புருஷனுக்குப் பேசியதைக் கடையில் நாலு ஆம்பளைகள் கேட்பதா? கூச்சப்பட்டுக்கொண்டு பலர் பழுதான கேசட்டைத் தூக்கியே எறிந்தார்கள். அதனால்தான் முதலாளி படித்த பெண் ஒருத்தியைத் தேடினார்.

அந்தப் படித்த பெண் நான். அப்பா எறையூர் ஆலைக்குப் போகும் கரும்பை வெட்டுகிற கூலி. அம்மா குன்னம் பக்கத்துக் காடுகளில் பருத்தி எடுக்கவும் வெங்காயம் அறுக்கவும் போனவர். இரண்டு பேருக்கும் கைநாட்டுத்தான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவளும் நான், பன்னிரண்டாம் வகுப்பு தேறியவளும் நான். பச்சைப் பிள்ளை என்று அந்தம்மா சொன்னது எனக்குச் சுருக்கென்றது. கேசட்டை வாங்கி டெக்கில் போட்டேன். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, மீட்டரில் முள் ஆடுவதை மட்டும் பார்த்தேன். முள் ஒழுங்காக ஆடினால் கேசட்டில் குரல் நன்றாகப் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். என்ன பேசியிருக்கிறார்கள் என்பது நமக்குத் தேவையில்லை.

"கேசட் நல்லாருக்குங்க. உங்க வூட்டு மெஷின்லதான் அழுக்கு. பஞ்சுல ஸ்பிரிட்டு தொட்டு ஹெட்ட தொடைங்க" என்று சொல்லி, டேப் உரசி ஓடும் அந்த ஹெட்டை எப்படித் துடைப்பது என்றும் காட்டினேன். ஒரு வார்த்தைகூட வெளியே கேட்காமல் நான் சோதித்ததை நூர்ஜஹான் கவனித்துவிட்டாள். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் பழக வேண்டியது இதைத்தான். காதைவிட முள்ளை நம்புங்கள்.

2. எது பெரிசோ அது

சில மாதம் கழித்து இரண்டு பேரும் புதுக் கேசட் வாங்க வந்தார்கள். அதுவரை அவர்கள் வீட்டில் ஒரே கேசட்தான் போய் வந்துகொண்டிருந்தது. ஜைனம்பு அம்மாவின் மகன் ஜமால் சவூதியிலிருந்து பேசி அனுப்புவார். இவர்கள் நாலைந்து தடவை கேட்டுவிட்டு, அதன் மேலேயே தங்கள் பேச்சைப் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். அந்த ஊரில் நிறைய வீடுகளில் இதுதான் வழக்கம். யார் குரலும் யாரிடமும் தங்காது. இந்தத் தடவை ஜமால் பேசியதை அழிக்க நூர்ஜஹானுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் புதுசு.

அறுபது, தொண்ணூறு, நூற்றிருபது நிமிடம் என மூன்று வகை கேசட்களைக் கவுண்டரில் எடுத்து வைத்தேன். ஜைனம்பு அம்மா இந்தத் தடவை உள்ளே யாரையும் தேடவில்லை. "நீ சொல்லும்மா, எது நல்லது?" என்று என்னிடமே கேட்டார்.

பெருமையில் எனக்குத் தலை கால் புரியவில்லை. நூற்றிருபதை எடுத்து நீட்டினேன். ரெண்டு கேசட் வேலையை இது ஒன்றே பார்க்கும், ரெண்டு மணி நேரம் பேசலாம் என்றேன். மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கேசட்டின் உறைக்குள் ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. டேப் மிகவும் மெல்லியது, பழைய மெஷினில் போட வேண்டாம் என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நான் அன்றைக்கு வாசித்தது மேலே இருந்த பெரிய எண்ணை மட்டும். ஒரே அளவுக் கூட்டுக்குள் இரண்டு மணி நேரத்துக்கு டேப் அடங்க வேண்டுமானால் அது மெல்லியதாகத்தான் இருக்கும். யோசித்திருந்தால் தாள்கூட வேண்டாம், எனக்கே புரிந்திருக்கும். நான் யோசிக்கவில்லை.

3. நூர்ஜஹான் தனியாக வந்தாள்

எட்டு மாதம் இருக்கும். நூர்ஜஹான் தனியாக வந்தாள். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததைக் கவுண்டரில் பிரித்தாள். நான் கொடுத்த கேசட். வாயிலிருந்து டேப் வெளியே வந்து சுருண்டு கிடந்தது.

"மாமி மௌத்தாயிட்டாங்க" என்றாள். ஜைனம்பு அம்மா இறந்துபோயிருந்தார்.

அப்புறம் நடந்ததைச் சொன்னாள். மாமி அந்தக் கேசட்டில் நாளுக்குக் கொஞ்சமாகப் பேசி வைத்தாராம். ஊருக்கு வந்த ஒருவர் சவூதிக்குத் திரும்பும்போது, ஜமாலுக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமா என்று வந்து கேட்டிருக்கிறார். இன்னும் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது, நிறையட்டும் என்று மாமி கொடுக்கவில்லை. அடுத்த தடவை இன்னொருவர் போனார். அப்போதும் அதே பதில். அந்த வீட்டில் மகனுக்கு ஊறுகாய் அனுப்பினாலும் பாட்டில் கழுத்து வரை நிறையாமல் மூட மாட்டார்களாம். கேசட்டையும் மாமி அப்படித்தான் நினைத்திருக்கிறார். அரைகுறையாக அனுப்பினால் மகன் ஏங்கிப் போவான் என்று. ஐம்பது நிமிடம் போலத்தான் பேசியிருந்தார். அதற்குள் காய்ச்சல் வந்து, நாலே நாளில் முடிந்துவிட்டது.

அறுபது நிமிடக் கேசட்டாக இருந்திருந்தால் அந்தப் பேச்சிலேயே கழுத்து வரை நிறைந்து, இரண்டாவதாகப் போனவர் கையிலாவது போயிருக்கும். உயிரோடு இருக்கும்போதே தாய் பேசியதை மகன் கேட்டிருப்பான். இது எனக்கு உடனே உறைத்தது.

ஜமாலுக்கு அடக்கத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. இன்னும் பத்து நாளில் வருகிறார். அம்மா பேசிய கேசட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார். சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று நூர்ஜஹான் மெஷினில் போட்டிருக்கிறாள். மெல்லிய டேப் ரப்பர் ரோலரில் சுற்றிக்கொண்டது.

"அவரு வர்றப்ப மாமி இல்ல. கொரலாச்சும் இருக்கணும்க்கா."

"நாந்தான் இத எடுத்துக் குடுத்தேன். தப்பு என்னுதுதான்" என்றேன்.

"தெரியும்க்கா. அதான் ஒங்ககிட்டயே கொண்டாந்தேன்" என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

4. ஒரு சாண்

தங்கராசு அண்ணன் நல்ல மெக்கானிக். செத்த ரேடியோவையும் பேச வைப்பார். கேசட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கசங்குனது ஒரு சாண்தான் புள்ள. வெட்டிப் போட்டுட்டு ஒட்டு. அரை மணி நேர வேல" என்றார். கடையில் எல்லாக் கேசட்டுக்கும் அப்படித்தான் செய்வோம். பாட்டுக் கேசட்டில் ஒரு சாண் போனால் யாரும் கேட்கப் போவதில்லை.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டேப் ஒரு வினாடிக்கு இரண்டங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். ஒரு சாண் என்றால் ஏறக்குறைய ஐந்து வினாடி. ஐந்து வினாடிக்குள் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். இனி யாராலும் திரும்பச் சொல்ல முடியாத ஐந்து வினாடி அது.

"வெட்ட வேணாம்ண்ணே" என்றேன்.

"கசங்குனத அப்படியே விட்டா மறுபடி சிக்கும். அப்பறம் மொத்தமும் போயிரும், பாத்துக்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அந்தக் கேசட்டின் கூட்டுக்கு ஸ்க்ரூ கிடையாது, ஒட்டி மூடியது. பிளேடால் விளிம்பை நகக்கண் அளவாகக் கீறிக் கீறித் திறந்தேன். ஒரு மதியம் முழுக்க ஆனது. ஸ்க்ரூ வைத்த வேறொரு கூட்டைத் திறந்து காலி செய்து, இரண்டு சக்கரத்தையும் டேப்போடு அப்படியே தூக்கி அதில் வைத்தேன். மூச்சுக் காற்றுக்கே அந்த டேப் அலைந்தது. கசங்கிய சாணைக் கண்ணாடி மேல் பரப்பி, மெல்லிய வேட்டித் துணி போட்டு, நகத்தின் முதுகால் நீவினேன். பிறகு இறுக்கிச் சுற்றி ஒரு நாள் அப்படியே வைத்துவிட்டேன். மடிப்பு படிந்துபோக அதுதான் வழி.

5. ஐந்து வினாடி

இந்த டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்ட முடியாது. ஒரே ஓட்டத்தில், நகல்களைப் பக்கம் திருப்ப ஒரு தடவை மட்டும் நிறுத்தி, இரண்டு அறுபது நிமிடக் கேசட்டில் நகல் எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு நூர்ஜஹானையும் வரச் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று டெக்குகளை இணைத்தேன். இந்த ஒரு தடவை முள் போதாது, கசங்கிய இடத்தில் குரல் எப்படி வருகிறது என்று காதால் கேட்டாக வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். நான் வேண்டுமானால் ஹெட்போன் போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

"எதுக்குக்கா? சேந்தே கேப்போம்."

ஜைனம்பு அம்மா பேசினார். கிணற்றில் தண்ணீர் ஏறியது, ஆடு குட்டி போட்டது, ரேஷனில் சர்க்கரை போடாதது, மருமகள் வைக்கும் ஆணத்தில், அதாவது குழம்பில், உப்பே இல்லாதது. அதற்கு நூர்ஜஹான் சிரித்தாள். மாமி ஒரு நாளும் என்னை நல்லவள் என்று சொன்னதில்லை என்றாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

கசங்கிய இடம் வந்தது. நான் நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டேன். குரல் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் மங்கியது, ஆனால் அறுபடவில்லை. ஜைனம்பு அம்மா மகனிடம் பேசுவதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த யாரிடமோ அடங்கிய குரலில் சொன்னார்.

"அளுவாத புள்ள. அவனுக்குக் கேட்டா சோறு எறங்காது. வா, எம் மடியில படுத்துக்க."

அப்புறம் குரல் தெளிந்தது. ஆட்டுக்குட்டி என்ன நிறம் என்று மகனுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

நூர்ஜஹான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அது பதிவாகும் என்று மாமியும் அவளும் நினைத்திருக்கவில்லை. டேப் ஓடிக்கொண்டே இருந்தது. நகல் எடுப்பதை நிறுத்தக் கூடாது என்பதால் நானும் எழுந்திருக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முடிந்ததும், அந்த இடம் நகலில் அப்படியே இருக்கட்டுமா, உங்கள் அழுகை விஷயம் அவருக்குத் தெரிய வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்று கேட்டேன்.

"இருக்கட்டும்க்கா. எங்க ரெண்டு பேத்தையும் அவரு தெரிஞ்சிக்கட்டும்."

இரண்டு நகலிலும் பின்பக்கத்து பிளாஸ்டிக் நாக்கை உடைத்துக் கொடுத்தேன். அதை உடைத்துவிட்டால் மேலே யாரும் பதிய முடியாது. ஒன்றை வீட்டில் வையுங்கள், ஒன்றை உங்கள் அம்மா வீட்டில் வையுங்கள், இரண்டும் ஒரே அலமாரியில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜமால் வந்து கேட்டார் என்று பிறகு நூர்ஜஹான் சொன்னாள். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

6. இப்போது

வீட்டுக்கு எந்தக் கேசட் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், எத்தனை மணி நேரம் ஓடும் என்று நான் ஆரம்பிப்பதில்லை. உங்கள் வீட்டு மெஷின் எத்தனை வருஷத்தது, யார் பேசப் போகிறார்கள், எப்போது ஆள் போகிறது என்று கேட்கிறேன். பெரும்பாலும் அறுபதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். நிறையும் வரை காத்திருக்காதீர்கள், பத்து நிமிடம் பேசியிருந்தாலும் ஆள் போகும்போது கொடுத்தனுப்புங்கள் என்கிறேன். உறைக்குள் இருக்கும் தாளைப் பொடி எழுத்து வரை வாசிக்கிறேன்.

நூர்ஜஹான் மூலம் விஷயம் அவள் ஊரில் பரவியது. மெஷினையும் கேசட்டையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் பெரம்பலூர் வர முடியாத பெண்கள் அங்கே நிறையப் பேர் என்று அவள் சொன்னாள். முதலாளியிடம் வாரத்தில் மூன்று நாள் போதும் என்று கேட்டேன். முகம் சுளித்தார், பிறகு ஒத்துக்கொண்டார். லப்பைக்குடிக்காடு கடைத்தெருவுக்குப் பின்னால் மீதி நாட்களில் கேசட்டும் மெஷினும் பழுதுபார்க்க ஒற்றை அறை ஒன்றை என் பெயரில் எடுத்திருக்கிறேன். ஒப்பந்தத் தாளில் நானே கையெழுத்துப் போட்டேன். போன வாரம் சுண்ணாம்பு அடித்தாயிற்று, நேற்று மின்சாரமும் வந்துவிட்டது. பெண்கள் உட்கார்ந்து கேசட்டில் பேச இரண்டு பாய் வாங்கிப் போட்டிருக்கிறேன்.